பிரியாணிக்கு அருகில் சரணாலயம்

திண்டுக்கல், வேடசந்தூர், தாடிக்கொம்பு மற்றும் அகில உலக வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு வரலாற்றுச் சிறப்புமிக்க ஓர் அறிவிப்பு: கடலோரச் சுற்றுலா நிபுணர் அப்துல் ஹாதி அவர்கள், வருகிற ஞாயிறன்று பதினெட்டுப் பேரைக் கோடியக்கரைச் சரணாலயத்துக்கும் வழியிலுள்ள அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லத் திருவுளம் கொண்டுள்ளார். பூநாரை தரிசனம் உறுதி.

பத்தடி பேனரில் இது வெளியானபோது, நிபுணர் தம் வாழ்நாளில் கண்டிருந்த பெரிய தண்ணீர் ஆத்தூர் அணைதான்.

“உறுதின்னு போட்டிருக்கீங்க. பறவை என்ன உங்களுக்கு மச்சானா?” என்றார் மனைவி சர்புன்னிசா.

“காட்டலைன்னா நிபுணர் போர்டைக் கழட்டிடுறேன்,” என்று ஹாதி தம் டிராவல்ஸ் கடைவாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். அந்த நால்வரில் ஒருவர் தோல் வியாபாரி சகாயராஜ். மறதி என்ற குறை இல்லாதவர். போர்டு கழன்று விழுவதைப் பார்க்கவே அவரும் வேனில் இடம் பிடித்தார்.

பறவைக்காகவே வந்தவர் ஒருவர்தான்: வேடசந்தூர் நூல் மில்லில் வேலை செய்யும் பெருமாயி. மில் கேன்டீன் காலண்டரில் நிற்கும் பூநாரையைப் பார்த்தபடியே ஒரு வருடம் சாப்பிட்டவர். அது நிஜமாகவே அந்த நிறமா, அச்சடித்தவன் பூசியதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக லீவு போட்டிருந்தார்.

நிபுணர் தயாரித்த பயணத் திட்டம் தெளிவாக இருந்தது. ஆறு மணி: இட்லி. ஒன்பது: டீ, வடை. பன்னிரண்டு: பிரியாணி (அருகில் சரணாலயம்). நான்கு: பஜ்ஜி (அருகில் அருங்காட்சியகம்). வெளியூர்ப் பிரியாணியை நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு கிளம்ப முடியாது என்பதால், சீரகசம்பா பிரியாணி தேக்சாவோடு வேனின் கடைசி சீட்டில் ஏறியது. மூடியைச் சுற்றி மைதா மாவு பூசி, பெல்ட்டும் போட்டிருந்தார்கள். வேனில் பெல்ட் போட்டிருந்தது அது ஒன்றுதான்.

சரணாலய வாசலில் வனக்காவலர் கையை நீட்டித் தடுத்தார். “சாப்பாடு உள்ள போகாதுண்ணே.”

“அப்ப வேன்லயே இருக்கட்டும்.”

காவலர் மரத்தைக் காட்டினார். இருபது குரங்குகள் ஏற்கெனவே தேக்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று வேன் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“செத்த நேரத்துல சாப்ட்டுட்டு வாரோம்,” என்றார் ஹாதி.

“இன்னுங் கொஞ்சம் வெயில் ஏறுனா பறவைக உள்ளாற தள்ளிப் போயிரும். இப்ப வந்தா உண்டு.”

பதினெட்டுப் பேரும் யோசித்தார்கள். தேக்சாவைப் பார்த்தார்கள். குரங்கைப் பார்த்தார்கள். யோசனை முடிந்துவிட்டது.

“நீயாச்சும் போய்யா நிபுணரு,” என்று சகாயராஜ் சிரித்தார். “போர்டு ஆடுது.”

“மூடியைத் திறந்த கைதான் கடைசி வரைக்கும் பரிமாறணும். கரண்டிய உங்ககிட்டக் குடுத்தா நெஞ்செலும்பு யாருக்கு மிஞ்சும்?”

“நான் போயிட்டு வாரேன் பாய். சோறு ஊருலயும் கெடைக்கும், பறவை இங்கிட்டுத்தான கெடைக்கும்,” என்று பெருமாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காவலரின் பின்னால் நடந்தார். திண்டுக்கல்லில் பிறந்த ஒருவர் பிரியாணிக்கு முதுகைக் காட்டியதை வேன் முழுவதும் வாய்பிளந்து பார்த்தது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து, முழங்கால் வரை சேற்றோடு வந்தார். ஹாதியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன் பாய். நிக்கும்போது வெள்ளையாத்தான் இருக்கு. எனக்கு வயிறே எரிஞ்சு போச்சு, ஏமாத்திட்டானுகளேன்னு. அப்புறம் கூட்டமா எந்திரிச்சு றெக்கைய விரிச்சுச்சு பாருங்க... உள்ளுக்குள்ள அம்புட்டுச் செவப்பு! காலண்டர்க்காரன் கம்மியாத்தான் பூசியிருக்கான்.”

ஹாதி இரண்டு நெஞ்செலும்பை அவர் தட்டில் வைத்தார்.

“ஒருத்தரு பாத்தா போதுமாய்யா?” என்றார் சகாயராஜ்.

“எத்தனை பேருக்குன்னு பேனர்ல போட்டிருக்கா?”

அருங்காட்சியகத்தை, பஜ்ஜி ஆறிவிடும் என்பதால், பதினோரு நிமிடத்தில் கண்டுகளித்தார்கள். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் மட்டும் சகாயராஜ் மெய்ம்மறந்து நின்றார். “நெஞ்செலும்பே இம்புட்டா!”

திரும்பும் வழியில் நிபுணர் மைக்கைப் பிடித்து, பூநாரை ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது என்று விளக்கினார்.

“நான் பாத்ததெல்லாம் ரெண்டு கால்லதான் நின்னுச்சு பாய்,” என்றார் பெருமாயி.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமைக்கா.”

திங்களன்று புதிய பேனர் ஏறியது: ‘ஆயிரமாயிரம் பூநாரைகளைக் காட்டிய கடலோர நிபுணர்.’ போர்டுக்கு இரண்டு ஆணி கூடுதலாக அடித்தார்கள்.

சர்புன்னிசா டீயை நீட்டியபடி கேட்டார்: “அது கெடக்கட்டும், கடல் எப்படிங்க இருந்துச்சு?”

ஹாதி யோசித்தார். சகாயராஜுக்குப் போன் போட்டார். சகாயராஜ் மற்றவர்களுக்குப் போட்டார்.

கடலை யாரும் பார்க்கவில்லை.