இருவர் போகும் நீர்மூழ்கி

"யாரும் காலை எடுத்து வைக்காதீங்க" என்றார் அண்ணன், கட்டிலில் இருந்தபடியே.

அவர் தங்கையான அவள் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துத் தரையோடு தரையாகக் கிடந்தாள். அண்ணி முட்டி போட்டு மருந்து மேசையின் கால்களைச் சுற்றிக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். தொலைந்தது ஒரு சக்கரம். பருப்பு அளவுதான் இருக்கும். குட்டி நீர்மூழ்கி மாடலுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவன் பிடித்துத் திருப்ப வேண்டிய சக்கரம் அது. தங்கையின் இடுக்கி நுனியிலிருந்து துள்ளி எங்கேயோ போய்விட்டது.

"சக்கரம் இல்லாம அவன் எப்படி ஓட்டுவான்?" என்றார் அண்ணன்.

"வாயால ஓட்டுவான். உங்களை மாதிரி" என்றாள் அண்ணி. "என் முட்டி போன போக்குக்கு நான் நிஜக் கப்பலையே தேடியிருப்பேன்."

அந்த நேரம் பார்த்துத் தினமும் வருகிற நர்ஸ் கதவைத் திறந்தார். மூன்று பேரும் ஒரே குரலில், "அங்கேயே நில்லுங்க" என்றார்கள். நர்ஸ் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் கொக்கு மாதிரி நின்றார். விஷயத்தைச் சொன்னதும் ஒற்றைக் காலிலேயே அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அவர் போர்வை மேல ஏதோ கிடக்குதே, அதுவா?" என்றார்.

அதுதான். அண்ணனின் வயிற்றுக்கு மேல், போர்வையின் மடிப்பில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"நாங்க இங்க தரையை நக்காத குறை. இவரு மடியில வெச்சுக்கிட்டு அதிகாரம் பண்றாரு" என்று அண்ணி எழுந்தாள். அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கும்வரை மூன்று பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இந்த மாடலை வாங்கியிருந்தார். பழைய போரில் கடலுக்குள் போன இருவர் நீர்மூழ்கி. நிஜத்தில் ஒரு பஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளம். மேசைமேல் அது முழங்கை நீளம். இரண்டு பாதியாகப் பிளந்த மீன் மாதிரி வெகுநாள் அலமாரியிலேயே கிடந்தது.

அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்கலாமே என்றுதான் அவள் வந்தாள். அழகு நிலையத்தில் நகங்களுக்குச் சாயம் போடுவது அவள் வேலை. ஒருநாள் அண்ணன் நடுங்கும் கையோடு பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "குடு இங்க" என்று வாங்கினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழாய்க்கு ஒரு நிறம், திருகுக்கு ஒரு நிறம், கடிகார முள்ளுக்கு ஒரு நிறம் என்று அவளுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கடையில் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். காய்ச்சல் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

இன்று காலை அண்ணன் தானாகவே தலையணையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். பல நாட்களுக்குப் பிறகு கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். "வாண்டு, இன்னைக்கு மூடிடலாம்டி" என்றார். ஐம்பதை நெருங்கியும் அவருக்கு அவள் வாண்டுதான். அவர் குரலில் இருந்த தெம்பைக் கேட்டு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நர்ஸ் நாடி பார்த்தார், ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தார், ஊசி போட்டார். கிளம்பும்போது அவளை வாசல்வரை வரச் சொன்னார்.

"இன்னைக்கு நல்லா இருக்காரு இல்ல?" என்று கேட்டாள் அவள்.

நர்ஸ் பையைத் தோளில் மாட்டினார். "அந்த வேலையை இன்னைக்கே முடிச்சுடுங்க" என்றார். "ஆனா தேய்க்கறதும் பெரிசா பெயிண்ட் அடிக்கறதும் அவர் ரூமுக்குள்ள வேணாம்."

அவள் உள்ளே திரும்பியபோது அண்ணன் பொறுமையிழந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "எங்க போன? ஆளுங்க ஏறத் தயாரா நிக்கிறாங்க."

ஆட்கள் இரண்டு பேர், விரல் கணு உயரம். முன்னால் உட்காருகிறவனுக்கு முகம் எழுதி முடித்திருந்தாள். பின்னால் இயந்திரத்தைக் கவனிக்கிறவனுக்கு இன்னும் கண் வைக்கவில்லை. மூச்சைப் பிடித்து இரண்டு புள்ளி வைத்தாள்.

"காட்டு" என்றார் அண்ணன். பூதக்கண்ணாடியில் பார்த்தார். "இவன் என்னடி, திருதிருன்னு முழிக்கிறான்?"

"முதல் தடவை போறான் போல."

"ரெண்டே பேரு" என்றார் அண்ணன். "திரும்பக்கூட இடமில்ல. நாள் கணக்கா ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்த்துக்கிட்டு. சண்டை வந்தா எங்க போவான்?"

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி. அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். இத்தனை வருஷமாக இந்தப் பெட்டிகளையும் பசையையும் திட்டியே வாழ்ந்தவள், இப்போது கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அது என்ன, சிவப்பா?"

"காத்து வர்ற குழாய்" என்றார் அண்ணன்.

"மூடிட்டா இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"உள்ள இருக்கறவனுக்குத் தெரியும்ல" என்றார் அண்ணன்.

அண்ணி இன்னும் குனிந்து அந்தச் சிவப்புக் குழாயைப் பார்த்தாள்.

தங்கை சக்கரத்தை ஒட்டினாள். ஆட்களை உட்கார வைத்தாள். வெளியே இரண்டு பக்கமும் தொங்க வேண்டிய குண்டுகளை, முந்தின நாளே சாயம் பூசிக் காய வைத்தவற்றை, கையில் எடுத்தாள்.

"அது வேணாம்" என்றார் அண்ணன்.

"ஏன்? நல்லாத்தானே வந்திருக்கு?"

"வேணாம். இவனுங்க யாரையும் அடிக்கப் போகல."

"அப்ப எதுக்காம் போறாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"வேடிக்கை பார்க்க." அவர் கண் மின்னியது. "கடலுக்கு அடியில என்னதான் இருக்குன்னு பார்த்துட்டு வரட்டுமே. எவன் கேக்கப் போறான்?"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. குண்டுகளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு விளிம்பில் பசை தடவினாள். இரண்டு பாதியும் க்ளிக் என்று ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டன. பசை பிடிக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் விரல்களில் அழுத்தம் போதவில்லை. அவள் தன் கைகளை மேலே வைத்தாள். என்ன நினைத்தாளோ, அண்ணியும் தன் கைகளை வைத்தாள். ஆறு கைகளுக்குள் கப்பலே தெரியவில்லை.

"மூச்சு விடலாமா?" என்றாள் அண்ணி.

"நீ விடு. எனக்குக் குழாய் இருக்கு."

பசை பிடித்ததும் அவள் கப்பலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினாள். நடந்து போகப் பொறுமை இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, இணைப்பை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, சாம்பல் நிறத்தை அதன்மேல் ஓட்டினாள். இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன.

"எப்படி வருது?" அண்ணனின் குரல்.

"சேர்த்த இடமே தெரியல அண்ணா."

"பொய் சொல்லாத."

"வந்து பாரு."

"வரேன் வரேன், இரு." அண்ணி அதட்டுவதும் அவர் சிரிப்பதும் கேட்டன.

கையெல்லாம் சாம்பல் நிறம். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மேல்பாதியின் வெளிர் சாம்பலும் அடிப்பாதியின் கருமையும் சேருமிடத்தில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைக் கோடு. டேப் ஒட்டிச் செய்யலாம். ஆனால் அவளுக்குத் தன் கை மேல் நம்பிக்கை இருந்தது. நகத்தில் கோடு போடுகிற முடி போன்ற பிரஷ்ஷை எடுத்தாள். இவ்வளவு நீளமான நகத்தை அவள் பார்த்ததில்லை என்று அண்ணனிடம் சொல்ல நினைத்தாள். முடித்துவிட்டுச் சொல்லலாம்.

"கோடு போடறேன் அண்ணா. கொஞ்ச நேரம் பேசாத."

"ம்" என்றார் அண்ணன்.

பிரஷ் மூக்கில் இறங்கியது. சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக் கப்பலை இடக்கையால் மெல்ல நகர்த்தினாள். கோடு தானாகவே போவது போல் போனது. ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடந்தது. உள்ளே அந்த இருவர் இருப்பதை நினைத்துக்கொண்டாள். பாதி தாண்டியது. துடுப்புக்குக் கீழே வளைவு. அங்கேதான் வழுக்கும். வழுக்கவில்லை. வாலின் நுனியில் கோட்டை மெலிதாக்கி முடித்து, பிரஷ்ஷைத் தூக்கினாள்.

நிமிர்ந்தபோது அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"அண்ணி, பாருங்க, ஒரே இழுப்புல..."

"பார்த்தேன்" என்றாள் அண்ணி. "முடிஞ்சுதா?"

"இப்பதான்."

"நடுவுல கூப்பிட்டா கை தப்பிடும்னு நின்னேன்."

அண்ணனின் அறையில் ஆக்ஸிஜன் எந்திரத்தின் இரைச்சல் நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று அவள் யோசித்தாள். இனி அது தேவையில்லை என்று அண்ணிதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவை நோக்கிப் போனவளை அண்ணி மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. இந்தக் கையோட அவரைத் தொடுவியா?"

விழுந்த நாற்காலியை அண்ணி நிமிர்த்தி அவளை அதில் உட்கார வைத்தாள். தானும் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேசையில் இருந்த, சாயத்தைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்தாள். கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, நக இடுக்குவரை விட்டுத் துடைத்தாள். அவசரப்படவில்லை. வெள்ளை போனது, சாம்பல் போனது.

"இன்னொரு கையைக் குடு" என்றாள்.