மாமியாரின் முதுகு

காலை ஏழு மணிக்கு லாயத்துக்குள் வந்த அத்தான், வழக்கம்போல என்னை விட்டுவிட்டுக் குதிரையிடம் பேசினார். இன்று அவளுக்கு நல்ல நாளாம், அவளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, அவள் முதுகைப் பிடித்து நன்றாக ஒரு கை போட்டுவிடச் சொன்னார். ஒன்பது மணிக்குக் குதிரை டாக்டர் வந்துவிடுவார், வாங்கப் போகிறவர் பரிசோதிக்க ஏற்பாடு செய்த டாக்டர், அதற்குள் முதுகு பூ மாதிரி இருக்க வேண்டும் என்றார். பூவுக்கு ஏது முதுகு என்று கேட்க வாய்வரை வந்தது. அத்தானிடம் பேச்சுக் கொடுத்தால் மதியம்வரை இழுக்கும் என்பதால் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். இந்தக் குதிரையேற்றப் பள்ளியும் இதிலுள்ள பதினோரு குதிரைகளும் அவருடையவை. உலகத்தில் அவருக்குத் தெரியாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று குதிரை, இன்னொன்று வெட்கம். ஆஸ்பத்திரியில் கைகால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து, அது அலுத்துப்போய், குதிரைகளுக்கு மசாஜ் செய்யப் படித்துக்கொண்டு நான் வந்து நின்றபோது, சாப்பாட்டு மேசையில் புரையேறும் அளவுக்குச் சிரித்தவர் அவர். தடவுவதற்கும் ஒரு படிப்பா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். குதிரை வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களாகவே அதைக் கேட்டு வர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்று, வாசலில் குதிரை மசாஜுக்கென்று போர்டு முளைத்தது. அந்தப் போர்டில் குதிரையின் கழுத்தில் இருப்பது நகப்பூச்சுப் போட்ட யாரோ ஒருத்தியின் கை. என் கை படத்துக்கு ஆகாதாம். நானும் விட்டுவிட்டேன், அவர்கள் வீட்டு மாடி அறையில்தானே குடியிருக்கிறேன்.

அன்று நான் கை போட வேண்டிய குதிரையின் பெயர் காகிதத்தில் இரண்டு வரிக்கு நீளும். லாயத்தில் எல்லோருக்கும் அவள் மாமியார். யார் உள்ளே போனாலும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பாள். தண்ணீர் வாளியை எங்கே வைத்தாலும், அது வைக்கிற இடமா என்பதுபோல மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளி நகர்த்துவாள். பதினாறு வயதாகிறது. பத்து வருஷமாகத் தடை தாண்டுகிறாள், சேணத்தில் உட்காரத் தெரியாதவர்களையெல்லாம் சுமந்துகொண்டு. எனக்குப் பிடித்த மனிதர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே அதிகம். மாமியாரை எனக்குப் பிடிக்கும்.

மூன்று மாதமாக அவளுடைய முதுகில் வலது பக்கம், சேணம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு முடிச்சு. நான் கரைத்துவிடுவேன், நாலு நாளில் திரும்பி வரும். ஒரே இடத்தில் முடிச்சு திரும்பத் திரும்ப விழுந்தால் கோளாறு அந்த இடத்தில் இல்லை. வேறெங்கோ வலிக்கிறது, அதைக் காப்பாற்ற இந்த இடம் கூடுதல் பாரம் சுமக்கிறது, அவ்வளவுதான். தேடிப் பார்த்ததில் இடது பின்னங்காலின் நடு மூட்டு மற்றதைவிடச் சூடாக இருந்தது. தாண்டவிடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டலாம் என்று அத்தானிடம் நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் பார்க்கலாம் என்றார். ஐந்தாவது தடவை சொல்வதற்குள் விற்க ஆள் பிடித்துவிட்டார். வாங்குகிறவர் ஒரு பல் டாக்டர், வாரத்துக்கு மூன்று நாள் தடை தாண்டப் போகிறாராம். அந்தக் கால் ஒரு வருஷம் தாங்காது.

அதனால் அன்று காலை எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. வருகிற டாக்டர் அத்தானுடைய ஆள் இல்லை. அவர் கண் முன்னால் மாமியார் இருக்கிறபடியே நடந்தால் போதும், காலின் கோளாறு பிடிபட்டுவிடும், தாண்டுவதும் நின்றுவிடும். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பது. நான் முழுசாகக் கை போட்டால் இரண்டு இரண்டரை மணி நேரத்துக்கு அவள் எட்டு வயதுக் குதிரைபோல நடப்பாள், முடிச்சு முழுசாகத் திரும்ப நாலு நாள் ஆனாலும் நடை அதற்குள் பழையபடி ஆகிவிடும். ஆகவே இன்று அத்தான் தடவல் என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறாரோ அதையே செய்வது என்று முடிவு செய்தேன். பிரஷ்ஷை வைத்துவிட்டு, நாய்க்குட்டியைத் தடவுவதுபோல மேலாகத் தடவிக்கொண்டிருந்தேன். மாமியார் கழுத்தைத் திருப்பி, என்ன வேலை இது என்று பார்த்தாள்.

ஏழரைக்குப் பல் டாக்டர் வந்தார். முதலில் வந்தது பூட்ஸ் சத்தம். புத்தம் புதுசு, முழங்கால்வரை, நடந்தால் கிறீச்சென்றது. ஐம்பது வயதிருக்கும், வயிறு பெல்ட்டுக்கு மேல் எட்டிப் பார்த்தது. கையில் காபி. கதவில் சாய்ந்துகொண்டு நான் செய்வதைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு சிரித்தார். அது கேலிச் சிரிப்புகூட இல்லை. குழந்தை வரைந்த படத்தைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"என் கிளினிக்லயும் மெல்லிசா பாட்டுப் போட்டு வச்சிருக்கேன்" என்றார். "பல்லுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. வந்தவங்களுக்கு ஒரு திருப்தி. இதுவும் அந்த மாதிரிதானே?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் சொன்னால் அத்தான் என்று விட்டுவிடலாம். ஊரார் வாயைத் திறக்கவைத்து உள்ளே எட்டிப் பார்க்கிற ஆள், நான் பாட்டுப் போடுகிறேன் என்கிறான். அவருடைய காபியை வாங்கிக் கீழே வைத்தேன். அவருடைய கையைப் பிடித்து மாமியாரின் முதுகில் அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். முதுகு விருட்டென்று கீழே இறங்கியது, வால் சுழன்றது, காது பின்னால் மடிந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். தோலுக்கடியில் எலுமிச்சை மாதிரி ஒன்று இருக்கிறதே என்றார். இருந்து பாருங்கள் என்றேன்.

அதன்பிறகு நாற்பது நிமிஷம் நான் யாருக்கும் மச்சினி இல்லை. உள்ளங்கையை வைத்து, அவளுடைய தோல் என் கையை ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருந்தேன். இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கம் இறங்கினேன், திரும்பி ஏறினேன், முழங்கையை ஊன்றி என் எடை முழுவதையும் மெதுவாக அந்த முடிச்சின்மேல் இறக்கினேன். முதலில் கண் சிமிட்டினாள். பிறகு நாக்கால் உதட்டை நக்கினாள், வெறும் வாயை மென்றாள், தலை தாழ்ந்துகொண்டே போய் முழங்கால்வரை தொங்கியது. கடைசியில் பல்லெல்லாம் தெரியக் கொட்டாவி விட்டாள். பல் டாக்டர் தன்னை மறந்து அந்தப் பற்களைப் பார்த்தார். மறுபடி அவர் கையை அதே இடத்தில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் இல்லை, மாமியார் அசையக்கூட இல்லை. அடேயப்பா என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

குழாயடியில் கையைக் கழுவும்போதுதான் உறைத்தது. மணி எட்டே கால். எதைச் செய்யக் கூடாது என்று காலையில் முடிவு செய்தேனோ, அதைக் கச்சிதமாகச் செய்து முடித்திருந்தேன், அதுவும் ஒரு பல் பிடுங்குகிறவனிடம் நல்ல பெயர் வாங்க. அத்தானை இத்தனை வருஷம் கேவலமாக நினைத்தேன். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த சரியான வேலையாள் நான்தான்.

குதிரை டாக்டர் ஒன்பதுக்கு வந்தார். குதிரைக்காரர் மாமியாரைப் பிடித்துக்கொண்டு நேராக நடத்தினார், ஓட்டினார், வட்டமாகச் சுற்றவைத்தார். சனியன், எவ்வளவு அழகாக நடந்தாள் தெரியுமா. மூட்டில் வலி இருந்தால் தெரியட்டுமென்று டாக்டர் இடது பின்னங்காலை மடக்கிப் பிடித்தார், ஒரு நிமிஷம் பிடிக்க வேண்டியதை, கால்சட்டையில் சேறு படுகிறதென்று அவசரமாக விட்டார். மாமியார் இரண்டடி விறைப்பாக வைத்து, மூன்றாவது அடியில் சரியாகிவிட்டாள். வயசுக்கு அருமை என்று எழுத உட்கார்ந்தார். அத்தான் முகத்தில் ஆயிரம் விளக்கு.

நான் போய் முன்னால் நின்றேன். அக்கா ஆபீஸ் ஜன்னலிலிருந்து, வாயை மூடு என்று கண்ணாலேயே சொன்னாள். அவள் கண்ணுக்கு நான் சின்ன வயதிலிருந்தே பயப்படுவேன்.

"நீங்க பாத்தது அவ கால் இல்ல டாக்டர், என் கை" என்றேன். "காலைல நாப்பது நிமிஷம் கை போட்டிருக்கேன். பதினோரு மணிக்கு மறுபடி நடக்கவச்சுப் பாருங்க. இடது பின்னங்கால்."

குதிரை டாக்டர் எழுதுவதை நிறுத்தாமலே, தடவினால் நொண்டி போகுமென்றால் நான் எதற்கு ஐந்து வருஷம் படித்தேன் என்றார். அத்தான் அவரைவிடப் பலமாகச் சிரித்தார். மச்சினிக்குத் தன் கையைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு, மசாஜில் எல்லாம் ஒன்றும் கிடையாது, வாடிக்கையாளர்களின் மனத்திருப்திக்காக வைத்திருக்கிறோம் என்றார். அவருக்கு நேர் பின்னால், வாசலில், 'வலி நீங்கும், வேகம் கூடும்' என்று ஆளுயரத்துக்கு எழுதின போர்டு இருந்தது. ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை என்று சொல்ல ஆசைதான். எல்லோரும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள்.

பல் டாக்டர் மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலைல நான் தொட்டுப் பாத்தேன்" என்றார். "இருந்தது, அப்புறம் இல்ல. பதினோரு மணி வரைக்கும் இருப்போம்." குதிரை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார். பல் டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். என்னை நம்பிய ஒரே ஆள் இந்த ஆள்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

மாமியாரை நிழலில் கட்டினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பத்து மணிவரை ஒன்றும் இல்லை, கண்ணை மூடித் தூங்கினாள். பத்தேகாலுக்குக் கண் திறந்தது. பிறகு இடது பின்னங்காலைத் தூக்கி வைத்தாள், மாற்றினாள், மறுபடி அதையே தூக்கினாள். வலது முதுகில் தோல் ஒருமுறை துடித்தது. ஈ எதுவும் உட்காரவில்லை. பாரம் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது, அது எனக்குக் கைவைக்காமலே தெரிந்தது.

அத்தானும் அதைப் பார்த்துவிட்டார். குதிரை தெரியாது என்று சொன்னேனே, அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மெதுவாக என் அருகே வந்தார், அவர்களுக்குக் கேட்காத குரலில், இத்தனை வருஷத்தில் என்னிடம் பேசியிராத இதமான குரலில் சொன்னார்.

"பாவம்மா அது, வலிக்குது பாரு. சும்மாதானே நிக்கிற, கொஞ்சம் கை போட்டு விடேன்."

நான் இரண்டு கைகளையும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பூட்ஸ் துடைப்பது நின்றிருந்தது. பல் டாக்டர் குதிரையைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்தரைகூட ஆகவில்லை. மாமியார் கட்டின கயிறு எட்டுகிற மட்டும் நகர்ந்து, வலது பக்கத்தை என்னிடம் திருப்பி, அந்த இடத்தை என் தோளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். மூன்று மாதமாக அப்படிப் பழக்கியவள் நான். கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, கக்கத்தில் இடுக்கியிருந்த என் கையை மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளினாள், வாளியைத் தள்ளுவதுபோல.