தையல் இறுகுமுன்

உருக்காலையின் கூரையடியில் ஓடும் கிரேனுக்கு ஏற நாற்பது இரும்புப் படிகள். பதினோரு ஆண்டுகள் அவற்றில் ஏறி இறங்கிய சாம்சனுக்கு, ஒரு மழைநாளில் கடைசிப் படியில் கால் சறுக்கி, முட்டி திருகிக்கொண்டது. உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது.

எலும்பு மருத்துவர் இரண்டு வழிகளையும் ஒளிக்காமல் சொன்னார். கிழிந்ததை வெட்டி எடுத்தால் ஆறு வாரத்தில் வேலைக்குப் போகலாம். ஆனால் நாளடைவில் எலும்போடு எலும்பு உரசி முட்டி தேய்ந்துபோகும். தைத்தால் முட்டி பிழைக்கும். ஆறு மாதம் குந்தவோ மண்டியிடவோ கூடாது. அப்படியும் சிலருக்குத் தையல் விட்டுவிடுவதுண்டு. மேற்பார்வையாளர் வரதன் ஆறு மாதம்வரை கிரேனை வேறு யாருக்கும் நிரந்தரமாகத் தருவதில்லை என்று வாக்களித்ததால், சாம்சன் தைக்கச் சம்மதித்தான்.

அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகையில் அவன் மாதாவிடம் நேர்ந்துகொண்டான்: ஜவ்வு ஒட்டினால், கொடியேற்றத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முட்டியாலேயே நடந்து வருகிறேன்.

நான்காம் மாதம் ஸ்கேன் பார்த்த மருத்துவரின் முகம் மலர்ந்தது. நன்றாகச் சேர்ந்து வருகிறது, இன்னும் இரண்டு மாதம் பத்திரம் என்றார். நேர்ச்சையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. கொடியேற்றத்துக்கோ ஒன்பது நாளே இருந்தது.

அவனுக்குப் பதிலாகத் தான் முட்டியால் நடப்பதாக மனைவி ஏஞ்சல் சொல்லிப் பார்த்தாள்.

"உன் முட்டியா கிழிஞ்சுது?" என்று சிரித்தான் சாம்சன்.

"அடுத்த வருசம் செய்யேன்யா. மாதாவுக்கு உன் முட்டி தெரியாதா இன்னா?"

"கேக்கறப்ப ஒடனே வோணும்னு கேட்டேன். குடுக்கறப்ப மட்டும் அடுத்த வருசம்னு சொன்னா நல்லாவா கீது?"

தையல்சிட்டு ஒன்று இலையைக் கூடாகத் தைத்து முடித்த மகிழ்ச்சியில், நார் இறுகுமுன்பே, நார் தந்த மரத்துக்கு நன்றி சொல்லக் கூட்டுக்குள் நின்று கூத்தாடியதாம். அதன் நன்றியில் பொய் இல்லை. சாம்சனின் நன்றியிலும் இல்லை.

கொடியேற்றத்தன்று முட்டியால் நடந்து போகையில், கோயிலின் பாதித் தூரத்தில் முட்டிக்குள் ஏதோ நழுவியது. கொக்கியிலிருந்து சங்கிலி கழல்வதுபோல. அவனுக்கு மட்டுமே அது கேட்டது. வலியில் கண் இருண்டது. ஆனாலும் மீதித் தூரத்தையும் முட்டியாலேயே கடந்து பீடத்தைத் தொட்டான். எழ முயன்றபோது கால் நீளவில்லை. நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.

இம்முறை தைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. நைந்த ஜவ்வை வெட்டி எடுத்தார்கள். என்ன செய்தாய் என்று மருத்துவர் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னான் சாம்சன். ஏஞ்சல் வெளியே வந்ததும் கேட்டாள், ஏன் பொய் சொன்னாய் என்று.

"நெசத்தச் சொன்னா, பழி மாதா மேலதான போவும்" என்றான்.

அவன் வேலைக்குத் திரும்பியபோது ஏழாம் மாதம் பிறந்திருந்தது. வரதன் திட்டவில்லை. ஏறிக் காட்டு என்று மட்டும் சொன்னார். பதினான்காம் படியில் முட்டி பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு படியாக, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"மேல இத்தன மாசமா ஓட்டுன குணாவே இருக்கட்டும். நீ கீழ கொக்கி மாட்டு, சாம்சா" என்றார் வரதன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

கீழே கொக்கி மாட்டுபவன் ஒவ்வொரு இரும்புக் கட்டுக்கும் குந்தி எழ வேண்டும். சாம்சன் குந்தி, சங்கிலியை மாட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சங்கிலி இறுகி மேலே ஏறத் தொடங்கியது. அதைப் பற்றிக்கொண்டுதான் அவனால் எழ முடிந்தது.