சுத்தமான கடல்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துவிட்டால் போதும், ஆவுடைநாயகத்துக்கு ஸ்டுடியோவில் இருப்புக்கொள்ளாது. ஊர்ச்சனம் மழைக்கு ஒதுங்க இடம் தேடும். அவர் குடையும் கேமராவுமாகக் குலசேகரன்பட்டினத்துக்கு பஸ் ஏறுவார். வெயிலடிக்கிற கடலை எவனும் எடுத்துவிடுவான், மூட்டம் போட்ட கடலை எடுக்கத்தான் கண் வேண்டும் என்பது அவர் கட்சி. "காசு குடுத்து சீக்கு வாங்குத மனுசரு" என்று பெண்சாதி பிரம்மநாயகி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. மார்கழி முழுக்க மனுஷர் இருமிக்கொண்டே கிடப்பார்.

பிழைப்பு என்னவோ முகங்களில்தான். பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் படம் அனுப்ப வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். நெகட்டிவைக் கீழே விளக்கு எரியும் கண்ணாடிமேல் வைத்து, பென்சிலால் தடவியும் பிளேடு நுனியால் சுரண்டியும் மருவையும் தழும்பையும் இல்லாமல் ஆக்கிவிடுவார். ஆவுடைநாயகம் கைபட்டால் அம்மைத் தழும்பும் ஓடிப்போகும் என்று ஊரில் பேச்சு. அந்தப் படத்தை நம்பிப் பெண் பார்க்கப் போனவர்கள் நேரில் பார்த்துத் திருதிருவென்று முழித்த கதையும் உண்டு. அதற்கு அவர் என்ன செய்வார்? தன் கையைத் தாண்டி ஒரு பொட்டு அழுக்கு வெளியே போகாது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணி பெருகிக் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூடிய அந்த வெள்ளத்துக்கு முந்தின நாளும் அவர் குலசைக் கடற்கரையில்தான் நின்றார். தெற்கே மணப்பாட்டுக் கிறிஸ்தவர்களின் மேட்டுக் கோயில் மழைக்குள் பாதி மறைந்திருந்தது. மேகம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடற்கரையில் ஈ காக்கை கிடையாது. ஒரே ஒரு படம் எடுத்தார். அதற்குள் காற்று குடையைப் பிய்த்துவிட்டது. டீக்கடைக்கு ஓடிவந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வெள்ளம் வடிந்தபின் அந்தப் படத்தைக் கழுவிப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். "என்னவே, கரண்ட் போனப்புறம் எடுத்ததாவே?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேலி பேசினான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எடுத்ததில் இதுதான் படம்.

மார்கழியில் ஒருநாள் காலை, தூறலில் நனைந்தபடி இரண்டு பெண்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார்கள். இளையவள் உள்ளே வந்தாள். மூத்தவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நான் மணப்பாடு. பேரு எலிசபெத். இவுக என் மாமியா, சாரம்மா. பெருங்காத்து அடிச்ச அன்னிக்கு நீங்கதான குலசையில குடை புடிச்சுக்கிட்டு படம் எடுத்தீக? டீக்கடைக்காரரு சொன்னாரு."

"ஆமாம்மா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "அன்னிக்கு எங்க வீட்டுக்காரவுக ஒத்தையில கட்டுமரத்தை எடுத்துட்டுப் போனாக. இன்னும் வரலை. மரமும் கிடைக்கலை, ஆளும் கிடைக்கலை."

"கிடைக்காம என்ன?" என்றாள் சாரம்மாள், சுவரைப் பார்த்தபடியே. "எம்மவன் எங்கனயோ கரையேறி இருக்கான். இவ நாக்குக்குப் பயந்து வராம இருக்கான்."

எலிசபெத் தன் பேச்சைத் தொடர்ந்தாள். கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன காது போலிருக்கிறது. "காலையில ஒரு வாய்ச்சண்டை அண்ணாச்சி. இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாக. அத்தை அவுகளுக்கு எறந்தோர் பூசை வைக்க விட மாட்டேங்காக. தாலியோட இருக்கியான்னு ஒருத்தி கேக்குதா, இன்னும் தாலி எதுக்குன்னு ஒருத்தி கேக்குதா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அவுக வீட்டைப் பாத்துத் திரும்பி வந்துக்கிட்டுத்தான இருந்தாக? உங்க படத்துல அவுக மரத்தோட வெள்ளைப் பாய் ஏதாவது தெரியுதா? வெளிய மாட்டியிருக்கதுல என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. இன்னும் பெருசாப் போட்டா தெரியுமா?"

வெள்ளைப் பாய் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆவுடைநாயகம் நாற்காலியை விட்டு எழுந்தார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இருட்டறைக்குள் போனார்.

பார்க்க என்ன இருக்கிறது? நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தார். மேட்டுக் கோயிலுக்குச் சற்று இடப்பக்கம், தண்ணீரின் நடுவே, பிளேடு சுரண்டிய தடம் பளபளத்தது. முதலில் போட்ட படத்தில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. கடுகில் பாதிகூட இல்லை. தூசி என்று நினைத்தார். தூசி உருண்டையாக அல்லவா இருக்கும், இதற்கு ஒரு மூலை மட்டும் கடித்தாற்போல் இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியதும் இப்போது ஞாபகம் வந்தது. தோன்றி என்ன செய்ய? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கை தன்னால் பிளேடை எடுத்துவிட்டது. பென்சிலால் தடவியிருந்தாலாவது துடைத்து எடுத்திருக்கலாம். சுரண்டியது போனதுதான். முதலில் போட்ட அந்தப் படத்தையும் கறை விழுந்த படம் என்று கிழித்து அடுப்புக்குப் போட்டாயிற்று.

ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்ததும் அவரால் முடியவில்லை.

"ஏம்மா, ஒரு வெள்ளைப் புள்ளி இருந்துச்சு. நான் தூசின்னு நெனைச்சு சுரண்டிட்டேன். ஒரு மூலை மட்டும் கறுப்பா, கடிச்ச மாதிரி இருந்துச்சு."

எலிசபெத் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "ஒட்டு! அது என் நீலச்சேலை அண்ணாச்சி. பாயோட முன்மூலை கிழிஞ்சிருந்துச்சு, என் சேலையக் கிழிச்சு நான்தான் ஒட்டுப் போட்டேன்." பிறகு பையக் கேட்டாள், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே. "ஒட்டு எந்தப் பக்கம் தெரிஞ்சுது? நீங்க நின்ன இடத்துல இருந்து பாத்தா, வலப்பக்கம் தெரிஞ்சா ஊருக்குத் திரும்புதாகன்னு அர்த்தம். இடப்பக்கம்னா வெளிய போறாக."

சாரம்மாளும் இப்போது சுவரை விட்டு அவரைப் பார்த்தாள்.

ஆவுடைநாயகம் கண்ணை மூடினார். புள்ளி வந்தது. மூலையும் வந்தது. ஒருதரம் வலப்பக்கம் வந்தது, மறுதரம் இடப்பக்கம் வந்தது. எத்தனையோ பெண்களின் மருவை எடுத்திருக்கிறார். எது எந்தக் கன்னத்தில் இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியுமா? எடுக்க வேண்டியது என்று மட்டும்தான் எதையும் பார்த்திருக்கிறார். பாவி, ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கக் கூடாதா?

"வலப்பக்கம்" என்றார். "ஊரைப் பாத்துத்தாம்மா வந்துக்கிட்டு இருந்தாரு."

எலிசபெத்தின் முகம் அப்படியே விரிந்தது. அவர் கண்ணையே பார்த்தாள். அவரால் அந்தப் பார்வைக்கு நிற்க முடியவில்லை, மேஜைமேலிருந்த பிளேடைப் பார்த்தார். விரிந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"நீங்க பாக்கலை அண்ணாச்சி" என்றாள். குரலில் கோபமே இல்லை. "பாத்திருந்தா சுரண்டியிருக்க மாட்டீகளே."

அவர் பிளேடை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

சாரம்மாள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "தூசின்னு அவுகளே சொல்லுதாகள்லா? படத்துலயும் இல்ல, கடல்லயும் இல்ல. எம்மவன் வருவான். வாடி, பஸ்ஸு போயிரும்."

படியிறங்கும்போது எலிசபெத் ஒருதரம் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு மாமியாருக்குப் பின்னால் தூறலில் நடந்தாள். கையில் குடை இருந்தது, அதை விரிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் ஆவுடைநாயகம் வாசலுக்கு வந்து படத்தைக் கழற்றினார். சாப்பிடக் கூப்பிட வந்த பிரம்மநாயகி, மனுஷர் பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்துக் குனிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மேட்டுக் கோயிலுக்கு இடப்பக்கம் அவர் தேடாத இடமில்லை. எங்கே தேடியும் கடலில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்.