தோஹாவிலிருந்து நாலரை மணி நேரம்

"நாளைக்கி வரிக்கும் ஐஸ் பெட்டிலயே வெச்சிகினு இருக்க முடியாது, ஜாக்கு. பாஸ்டரு சாயங்காலம் அஞ்சு மணிக்கி..."

"பாஸ்டருகிட்ட நான் பேசிக்கறேன்! தம்பி மொகம் பாக்காம அப்பாவ எடுத்துடுவியா நீ?"

"நான் இன்னா வேணும்னா சொல்றேன்?"

"நாலரை மணி நேரந்தாண்ணா ஃப்ளைட்டு!"

"ஃப்ளைட்டு நாலரை மணி. லீவு கெடைக்கணும், டிக்கெட்டு கெடைக்கணும், மீனம்பாக்கத்துலேர்ந்து இங்க வந்து சேரணும். தோஹா இன்னா திருப்போரூரா? மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல கீதுடீ!"

மானாம்பதியில், வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குக் கீழே அண்ணன் ஜெபக்குமாரும் தங்கை ஜாக்குலினும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்களுடைய அப்பா ஆபிரகாம். விடிகாலையில்தான் உயிர் போயிற்று. தலைமாட்டில் அம்மா பொன்னி. சுவரில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. ஒன்று நம் நேரம். இரண்டரை மணி பின்தங்கி ஓடும் மற்றது தோஹா நேரம், அங்கே வேலைக்குப் போன இளைய மகன் கிருபாகரனுக்காக மாட்டியது. அதைப் பார்த்துத்தான் பொன்னி தினமும் "சாப்ட்டியாப்பா" என்று போன் போடுவாள்.

"போன்ல இன்னாதான் சொன்னான்?" என்றான் ஜெபக்குமார்.

"'அப்பா'ன்னு கத்தினான். 'தோ வந்துடறேன்'னு வெச்சிட்டான். அரமணி நேரமா எடுக்கவே மாட்றான்."

"தோ வந்துடறானாமா? பிளேனு இன்னா ஷேர் ஆட்டோவா?"

ஒரு பைக் பந்தல் காலை உரசிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஸ்டாண்டு கூடப் போடாமல் இறங்கினான். வண்டி அப்படியே சாய்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினான்.

கிருபாகரன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஜாக்குலின் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் போட்டிருந்தது நீலநிற வேலைச் சட்டை. கழுத்தில் தொங்கிய அட்டையில் நெம்மேலி என்று எழுதியிருந்தது.

"எந்த ஃப்ளைட்டுடா இது?" என்றான் ஜெபக்குமார்.

"தோஹா வேல போன வருசமே போச்சிண்ணா. வெறுங்கையோட எப்பிடி வூட்டுக்கு வர்றது? தோ இங்க நெம்மேலில, கடல்தண்ணிய குடிதண்ணியாக்கற பிளான்ட்டுல கான்ட்ராக்ட்டுல கீறேன்."

"கிறிஸ்மஸுக்குப் பேசினியேடா! கடல் சத்தம் மாதிரி கேக்குதேன்னு கேட்டதுக்கு ஏசி சத்தம்னியே! பாவி!" என்றாள் ஜாக்குலின்.

அவன் உள்ளே ஓடினான். பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டான்.

"எம்மா, அப்பாவுக்கு முடியலன்னு ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

பொன்னி அழவில்லை. சுவரில் இருந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பார்த்தாள்.

"நாலு நாளா அவரு ஒன்னத்தாண்டா கேட்டுகினு இருந்தாரு. அம்மாந்தூரத்துலேர்ந்து புள்ளய அலைக்கழிக்காதய்யா, நாலரை மணி நேரம் பிளேன்ல வரணும்னு நான்தான் அவரு வாய அடைச்சேன். நெம்மேலிலேர்ந்து இங்க வர எம்மாம் நேரம்டா ஆச்சி ஒனக்கு?"