கருத்து சொல்ல வந்தவர்கள்

எங்கள் அம்மாக்கள் குழுவில் ஒரு பதிவுக்கு யார் கருத்து எழுதினாலும், எழுதியவர் பதிவு போட்டவரின் வீட்டுக்கு நேரில் வந்து அதைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார வேண்டும். பதிவு முடியும்வரை எழுந்து போகக் கூடாது. சேரும்போதே எல்லா விதிகளுக்கும் சம்மதம் என்று அழுத்திவிட்டுத்தான் சேர்ந்தேன். அதனால் அந்த விஷயத்தில் யார்மேலும் குறை சொல்வதற்கில்லை.

நான் போட்டது ஒரு சாதாரணக் கேள்வி. என் மகள் லக்ஷிதாவுக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், உங்கள் குழந்தைகள் எப்போது பேசினார்கள் தோழிகளே என்று கேட்டிருந்தேன். கூடவே பாப்பா பருப்பு சாதத்தைக் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டு சிரிக்கிற படம் ஒன்று. போட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போனேன். ஆவி அடங்குவதற்குள் காலிங் பெல் அடித்தது.

முதலில் வந்தவருக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ இருந்தது. குழுவில் அவரவர் வைத்திருக்கிற படம்தானே முகம். நல்ல சிவப்பு ரோஜா, இதழில் பனித்துளிகூட இருந்தது. செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார். பாப்பாவைக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றார். சொல்லிவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டது என்ன, வருகிற பதில் என்ன? முன்பின் தெரியாத மனுஷி. நான் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், மஞ்சள் மண்டியில் பில் போட்டுவிட்டு எப்படி அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடி வருகிறேன் என்று இவருக்கு என்ன தெரியும்? 

அடுத்து ஒரு பருத்த பெண்மணி வந்தார். முகத்தில் மட்டும் அவருடைய பையனின் ஆறு மாதத்து முகம். "என் பையன் எட்டு மாசத்துலயே கதை சொன்னான்" என்றார். அவருக்குப் பின்னால் சூரிய அஸ்தமனம் ஒன்று வந்தது. ஹால் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம். "பொழுதன்னிக்கும் போனை நோண்டிட்டு இருந்தா புள்ள எப்படிப் பேசும்?" என்றது. அதை எழுதும்போது அதன் கையில் என்ன இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றியது.

கல்யாணப் படம் வைத்திருந்தவர் மாலையும் கழுத்துமாகப் புருஷனையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. "வேலைக்குப் போற பொம்பளைங்க புள்ளைங்க எல்லாம் இப்படித்தான்" என்றார். அந்த மனிதர் பாவம், ஒரு எழுத்துகூட எழுதியிருக்க மாட்டார். படத்தில் இருந்த பாவத்துக்கு வந்து மாலையோடு நின்றுகொண்டிருந்தார். இன்னொருத்தி வார்த்தை எதுவும் எழுதவில்லை, சிரிக்கிற பொம்மை மூன்றை மட்டும் போட்டிருந்தாள். அவள் டிவிக்குப் பக்கத்தில் நின்று மூன்று தடவை சிரித்தாள். சாயங்காலம் ஆவதற்குள் டைனிங் டேபிள் நாற்காலி எல்லாம் தீர்ந்துபோய் மாடிப்படிவரைக்கும் ஆள் இருந்தார்கள்.

என் கணவர் பூபதி வேலை முடிந்து வந்தார். காலை யார்மேலும் படாமல் எடுத்து எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

"கேள்வி கேட்டியாக்கும்?"

"ஆமாங்க."

"என்னைக் கேட்டிருக்கலாமுல்ல?"

"உங்களைக் கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"குழுவுல கேட்டுப் பாருன்னு சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வந்தவர்கள் ஒரு தடவை சொன்னதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் எங்கோ ஒருத்தி போனைத் திறந்து என் பதிவைப் படித்தால், இங்கே எங்கள் ஹாலில் எல்லோரும் வரிசையாக ஒரு முறை சொல்லி முடிக்க வேண்டும். குழுவில் லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். திருநெல்வேலியில் ஒருத்தி படிப்பாள், ரோஜா ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் துபாயில் ஒருத்தி படிப்பாள். சாப்பிடும்போது, குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது, நீயெல்லாம் ஒரு அம்மாவா, நீயெல்லாம் ஒரு அம்மாவா. நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே "அம்மா சொல்லு தங்கம்" என்பேன். அவள் என் வாயைப் பார்க்க மாட்டாள். தலையைத் திருப்பி ரோஜாவைப் பார்ப்பாள்.

டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. குழந்தை எதை அதிகமாகக் கேட்கிறதோ அதைத்தான் முதலில் பேசும், நீங்கள் நிறையப் பேசுங்கள் என்றிருந்தார். பாப்பா இப்போது உதட்டைக் குவிக்க ஆரம்பித்திருந்தாள். இன்றோ நாளையோ பேசிவிடுவாள். அதற்குள் அவள் காதில் வேறு ஏதாவது நல்ல வார்த்தை விழ வேண்டும். எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, அது ஒன்றுதான்.

லீவு போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். பதிவு யாரைப் பற்றியதோ அவர் இருக்கும் இடத்தில்தான் கருத்தும் இருக்க வேண்டுமாம், அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் செலவு இல்லை. மாலை போட்டிருந்தவருக்கு மட்டும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்தார். ஊஞ்சலைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டு எல்லோரும் சொல்லி முடித்தார்கள். திரும்பி வந்துவிட்டோம்.

அன்றைக்குச் சமையல்கட்டுக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். திறந்தால், சுடிதார் போட்ட ஒரு பெண். சொந்த முகம். நெற்றியில் வியர்வை, தோளில் குழந்தை கக்கிய கறை.

"அக்கா, நான் கோகிலவாணி. நாமக்கல். உங்களுக்குத் தனிச் செய்தியில எழுதினேன்."

தனிச் செய்தியில் எழுதுகிறவர்கள் பின்கதவு வழியாகத்தான் வருவார்கள். சொன்ன உடனே கிளம்பிப் போகவும் செய்யலாம்.

"என் பையன் ரெண்டு வயசு தாண்டித்தாங்க்கா பேசினான். இப்ப வாயை மூட மாட்டேங்கிறான். நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் வந்ததில் என் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது இவள் ஒருத்திதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு, இதை ஹால்ல வந்து சொல்லேன். பாப்பா அங்கதான் இருக்கா. அவ காதுல விழட்டும்."

கோகிலவாணி எட்டி ஹாலைப் பார்த்தாள். கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"ஐயோ அக்கா. எனக்கும் குழந்தை இருக்கு."

"இருந்தா?"

"நாளைக்கு நானும் ஏதாச்சும் கேக்கணுமுல்லக்கா" என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அவளைப்போல இன்னும் பலர் வந்தார்கள். எல்லோரும் பின்கதவு, எல்லோரும் கிசுகிசு, எல்லோரும் நல்லவர்கள். சமையல்கட்டில் எனக்குக் கிடைத்த ஆறுதலைச் சேர்த்து வைத்தால் ஒரு அண்டா நிறையும். ஹாலில் இருந்த என் மகளுக்கு அதில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை, அவளை இங்கே தூக்கி வந்தால் கூட்டமும் கூடவே வந்துவிடும். நான் ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் காலில் விழாத குறைதான். கோகிலவாணிக்கு மட்டும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு வரி போடும்மா, பொதுவில் போடும்மா, என் மகள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று.

ஒருநாள் மதியம் வாசல் பெல் அடித்தது. கோகிலவாணி முன்வாசலில் நின்றாள். எனக்கு உயிர் வந்தது. வழியில் இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கி அவளுக்கு நேராகப் பிடித்தேன். ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சூரிய அஸ்தமனம் கொஞ்சம் பிரகாசமானது.

கோகிலவாணி கூட்டத்தைப் பார்த்தாள். "ரோஜா அக்கா சொன்னதுதான் கரெக்ட். எனக்கும் அதே டவுட்தான் இருந்துச்சு" என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படியில் இடம் தேடி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் பாப்பாவைப் பிடித்த கை பிடித்தபடி நின்றேன். ரோஜா சொன்னபோதுகூட இப்படி ஆடிப்போகவில்லை. ரோஜாவுக்கு என்னைத் தெரியாது. இவள் என் சமையல்கட்டில் நின்று என் கண்ணைப் பார்த்து நீ நல்லவள் என்று சொன்னவள். அதே வாய்.  "தண்ணி வேணுமா?" என்று அவளைக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பொறுக்க முடியாமல் குழுவின் அட்மின் சாருலதாவுக்குப் புகார் எழுதினேன். உடனே வந்தார். குழுவின் சின்னமான தொட்டில்தான் அவருடைய முகம், பேசும்போது லேசாக ஆடியது.

"தோழி, எல்லாம் பாப்பாவோட நல்லதுக்குத்தானே சொல்றாங்க. பாசிட்டிவா எடுத்துக்கங்க."

"மேடம், பதிவையே எடுத்துடுங்க. எனக்குப் பதிலே வேண்டாம்."

"எடுக்க முடியாதுங்க. மத்த அம்மாக்களுக்கு உபயோகமா இருக்குமுல்ல. நீங்க கேட்டது பேச்சு பத்தி. பாப்பா பேசின வீடியோவைப் போட்டீங்கன்னா பதிவு முடிஞ்சுடும், எல்லாரும் எழுந்திருச்சுருவாங்க."

"அவ இவங்க பேசறதைத்தான் மேடம் பேசுவா."

தொட்டில் இரண்டு முறை ஆடி நின்றது. "உங்க மனநிம்மதிக்காக ஒண்ணு பண்றேன். இனிமே யாரும் கருத்து சொல்ல முடியாதபடி மூடிடறேன்" என்றார். அவர் போன பிறகு வாசல் கதவும் பின்கதவும் தாமாகவே பூட்டிக்கொண்டன. புதிதாக யாரும் வர முடியாது. இருப்பவர்கள் இருந்தபடி சொல்லிக்கொண்டிருக்கலாம். என் அக்காவிடம் சொல்லி ஒரு நல்ல வார்த்தை எழுத வைக்கலாம் என்று நினைத்திருந்தேன், அதுவும் போயிற்று. மண்டியில் இருந்து போன் வந்தது. கதவு பூட்டியிருக்கிறது என்றேன், சரி என்று லீவை நீட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நான் வாயை மூடவே இல்லை. பாப்பாவின் காதோடு வாய் வைத்து, நிலா, பூனை, தண்ணி, அம்மா, அப்பா, தோசை, என்ன தோன்றியதோ அதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பூபதியும் ஆபீஸ் போக முடியாததால் இன்னொரு காதில் சொன்னார். தொண்டை கட்டி எனக்குக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. ரோஜாவுக்குக் கட்டவில்லை.

பாப்பா ஒரு காலை நேரத்தில் பேசினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பொம்மை லாரியைப் போட்டுவிட்டு, தத்தித் தத்தி என்னிடம் வந்தாள். உதடு குவிந்தது. பூபதி சட்டென்று போனை எடுத்துப் படம் பிடித்தார்.  பாப்பா இரண்டு கையையும் மேலே தூக்கி, தன்னைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி விரல்களை மடக்கி மடக்கி, முன்பல் நாலும் தெரியச் சிரித்துக்கொண்டே தெளிவாகக் கேட்டாள்.

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

கையில் இருந்த துணி நழுவியது. என் பிள்ளை பேசுகிற குரலை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். எவ்வளவு அழகான குரல் என்று தோன்றியது. அதே நேரம் ஓங்கி அறை வாங்கியதுபோல முகமெல்லாம் எரிந்தது. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. என்னைப் பார்த்து எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறாள். நான் தூக்காமல் நிற்பதைப் பார்த்து இன்னும் உயரமாகக் கையைத் தூக்கி மறுபடி கூப்பிட்டாள். தூக்கிக்கொண்டேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாக, என் காதுக்குள் இன்னொரு தடவை சொன்னாள்.

பூபதி வீடியோவைப் பதிவில் ஏற்றினார். கதவுகள் திறந்தன. எல்லோரும் எழுந்து சோம்பல் முறித்து, புடவையைச் சரி செய்துகொண்டு, அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ரோஜா பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் போனது. கன்னத்தில் பனித்துளி ஒட்டியிருந்தது, துடைத்தேன். கோகிலவாணி கடைசியாக, கூட்டத்தோடு கூட்டமாக, என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

முடிந்த பதிவுக்குக் கருத்து எழுத முடியாது, இதயம் மட்டும் போடலாம். வீடியோ எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மதியத்துக்குள் வாசலில் இதயங்கள் வந்து சேர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, வெதுவெதுப்பாக, ஈரமாக, துடித்துக்கொண்டிருந்தது. வாசற்படி வழுக்கியதால் பூபதி கோணிச் சாக்கை விரித்தார். நான் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்தை நகர்த்தி, மேல் தட்டில் கொஞ்சம், காய்கறி டிராயரில் கொஞ்சம் அடுக்கினேன். மீதியைக் குளியலறை டப்பில் போட்டு ஈரத்துணியால் மூடினோம். கெட்டுப்போவதற்குள் மேல்வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி, பூபதியிடம் தூக்குவாளியை எடுத்துக் கொடுத்தேன்.