யார் வீட்டுத் துணி

இஸ்திரி போட்டு மடித்த துணியைத் தானே பிரித்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. ஆனாலும் மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரிப்பாள், சட்டையை உதறுவாள், காலரை மடக்கிப் பார்ப்பாள், பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதமாவது அகப்படாதா என்ற நப்பாசைதான். துவைத்த துணியில் என்ன மிஞ்சியிருக்கும்? காலரின் உள்பக்கம் கோடுகோடாக அச்சடித்த வெள்ளைச் சீட்டு மட்டும் இருந்தது.

அந்தக் கோடுகளைப் படிக்க, வீடுவீடாகத் துணி வாங்கிச் சலவைக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி ஒரு போன் கொடுத்திருந்தது. சீட்டுக்கு நேரே பிடித்தால் துவைக்க வேண்டுமா, இஸ்திரி மட்டுமா என்று சொல்லும். வீட்டு விலாசம் அதில் வராது. அது துணியை எடுத்துப்போகும் வண்டிக்காரரின் போனில்தான் வரும். திங்கட்கிழமை காலையில் இரண்டு போனிலும் திரை வெறும் வெள்ளையாக நின்றது. கம்பெனியை மூடியாகிவிட்டது. நாற்பத்தேழு பொட்டலம் கடையில் கிடந்தது.

"எத்தனை பாத்தே?" என்று இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து கணவன் கேட்டான். பெட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

"பதினெட்டு. எல்லாம் வாயில்லாத துணியா இருக்கு."

முன்பு அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல் குறி இருந்தது. மாடி வீட்டு டீச்சருக்குச் சிவப்பில் இரண்டு தையல், மருந்துக்கடைக்காரருக்குப் பச்சையில் மூன்று. காலரின் அடியில், உடுத்துகிறவர் கண்ணுக்கே படாத இடத்தில் போடுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் கம்பெனியைத் தொடங்கிய அந்தத் தம்பி வந்தான். முக்காலியில் உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்க வேலையைப் பார்த்து, வாடிக்கை வீடுகள் நூற்று நாற்பதையும் அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொண்டான். "அக்கா, இனிமே நூல் வேணாம். துணியில ஊசி ஏறுதுன்னு கஸ்டமர் சொல்றாங்க. சீட்டு போதும்" என்றான். மனசு கேட்காமல் நாலு மாதம் திருட்டுத்தனமாகத் தைத்தாள். கம்பெனி கண்டுபிடித்து, இன்னொரு தடவை செய்தால் துணி அனுப்பமாட்டோம் என்றது. அன்றோடு விட்டாள். பிறகு ஊர் முழுக்க உள்ள துணியில் எது எந்தக் கடைக்கு என்று கம்பெனிதான் பிரித்து அனுப்பியது. அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கணவன் காய்ச்சலில் கிடந்தபோது தானே வந்து காரில் கூட்டிக்கொண்டு போனவன்.

புதன்கிழமை ஒரு ஆள் கடை முன்னால் வந்து நின்று, கம்பெனி பெயர் எழுதிய பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"துணியோட ஓடிட்டீங்கன்னாங்க. இங்கதான் இருக்கீங்களா?"

"உங்களுது இங்க வந்துச்சா, வேற கடைக்குப் போச்சான்னே எங்களுக்குத் தெரியாதுங்க" என்றான் கணவன்.

"அதெப்படித் தெரியாம போகும்? கட்டு எல்லாத்தையும் பிரி."

பிரித்தான். ஏழாவது பொட்டலத்தில் அந்த ஆள் சலித்துப்போய், "திருட்டுக் கும்பல்" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரம்மா போர்வை மூட்டையோடு படியிறங்கி வந்தவள், வாசலோடு திரும்பிவிட்டாள். கணவன் பலகையைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

"துணியத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தரும் நமக்குத் துணி போடமாட்டாங்க" என்றாள் அவள். "நான் அந்தத் தம்பியவே பாத்துக் கேக்கறேன்."

கம்பெனியில் கணக்கு எழுதியவரிடம் விசாரித்ததில், வியாழக்கிழமை கல்லூரி மண்டபத்தில் பேசுகிறான் என்று தெரிந்தது. நான்கு சட்டைகளைப் பையில் எடுத்துக்கொண்டு போனாள். யாராவது வந்து கேட்டால் கடையில் ஆள் வேண்டுமே என்று கணவன் தங்கிவிட்டான்.

மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள், எல்லாரும் இளவட்டம், மடியில் நோட்டு. மேடைத் திரையில் 'என் தோல்வி கற்றுத் தந்த ஐந்து பாடங்கள்' என்று எழுதியிருந்தது. அவன் இளைத்திருந்தான். அகலக்கால் வைத்தது, நல்லது சொன்னவர்களின் பேச்சைக் கேட்காதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தான். நடுவில் ஒரு தடவை பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தான். தூங்கியே பல நாள் இருக்கும் போல என்று அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"கடைசியில எங்ககிட்ட மிஞ்சினது ஒண்ணே ஒண்ணுதான், கஸ்டமர் லிஸ்ட்" என்றான். "அதை வாங்க மட்டும் ஆள் வந்தாங்க. அதுதான் அஞ்சாவது பாடம். லிஸ்ட்தான் சொத்து."

கேள்வி கேட்கலாம் என்றார்கள். அவள் கையைத் தூக்கினாள். மைக் வந்தது. அவன் அடையாளம் கண்டுகொண்டான், முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! இவங்கதான் எங்களோட முதல் பார்ட்னர். எல்லாரும் கைதட்டுங்க."

தட்டினார்கள். ஓயும் வரை காத்திருந்தாள்.

"தம்பி, கடையில நாப்பத்தேழு பொட்டலம் கெடக்கு. விலாசத்த மட்டும் சொல்லுங்க. நானே நடந்து போய்க் குடுத்துடறேன்."

அவன் மைக்கை வாயிலிருந்து சற்று விலக்கினான். "லிஸ்ட் இப்ப என்கிட்ட இல்லக்கா. வித்தாச்சு. நான் தொறந்துகூடப் பாக்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

"அதுல நூத்தி நாப்பது வீடு நான் சொன்னதுதானே தம்பி?"

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்களத் திருடங்கன்றாங்க. எல்லாம் வேணாம், இந்த நாலு மட்டுமாவது யாருதுன்னு சொல்லுங்க." பையிலிருந்து நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்து, இரண்டு தோளையும் பிடித்து உயர்த்தினாள். பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"இது நான் எழுதி வைக்காத பாடம். ஆறாவது. கம்ப்யூட்டர் நின்னாலும் வேலை நிக்கக்கூடாது. எல்லாத்துக்கும் காகிதத்துல ஒரு நகல் இருக்கணும். தயவுசெஞ்சு இதைக் குறிச்சுக்குங்க."

மண்டபம் முழுக்கத் தலைகள் குனிந்தன. பக்கம் திருப்பும் சத்தமும் பேனா ஓடும் சத்தமும் கேட்டன. அவள் சட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று இன்னும் உயரமாகப் பிடித்தாள். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.